புலி இல்லாத பரிசல்

எங்கள் பயிற்சி மையத்தின் தாளாளர் முன்பு போர்வெல் வண்டி வைத்திருந்தார். வடநாடெல்லாம் வண்டி அனுப்பிச் சம்பாதித்தார். பூமிக்கடியில் தண்ணீர் குறைந்த பிறகு பிள்ளைகளின் தலைக்குள் தோண்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மல்லசமுத்திரம் போகும் சாலையில் ஒரு டயர் கடையின் மாடியைப் பிடித்துப் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் நடத்துகிறவரைத்தான் தாளாளர் என்பார்கள். இவர் நடத்தியது ஒரு மாடி. இருந்தாலும் தாளாளர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூப்பிட்டோம். கூப்பிடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது.

நான் அங்கே சனிக்கிழமைகளில் மனத்திறன் வகுப்பு எடுத்தேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள். யார் பொய் சொல்கிறார், யார் யாருக்கு என்ன உறவு, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்கிற மாதிரிப் புதிர்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசி என்று சொல்கிற ஒரே வகுப்பு அந்த மாடியில் என்னுடையதுதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

மற்ற வகுப்புகளின் லட்சணம் வேறு. தினமும் காலையில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் ஷார்ட்கட் ஒப்பிப்பார்கள். தாளாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு. மைக்கில் ஒருவன் "பரிசல்" என்பான். மாடியே அதிரும்படி எல்லாரும் "ஏழு" என்பார்கள். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் பரிசலில் அக்கரை சேர்க்கும் பழைய புதிர் அது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். போக வர மொத்தம் ஏழு தடவை. ஏன் ஏழு என்று கேட்டால் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பரிசல் என்றால் ஏழு. இதில் ஏன் எங்கே வந்தது?

ஏன் என்று கேட்கிற பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதையும் எழுதுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். ஜன்னலுக்கு வெளியே டயர் கடையின் தகரக் கூரையைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் அப்பா செம்மறி ஆடு வளர்க்கிறவர். மகளை இந்த மாடியில் சேர்த்துவிட்டால் கலெக்டராக்கிவிடலாம் என்று நம்பியவர்.

போன வருடம் தாளாளர் சுவரகலத்துக்கு ஒரு டி.வி. வாங்கி மாட்டினார். அதற்குள் ஏ.ஐ. இருக்கிறதாம். கேட்டால் எழுதும், பேசும், தமிழும் வரும்.

"ஏனுங்க டீச்சர், இனிமே எல்லா வகுப்பும் இதே எடுத்துருமுங்க. லீவு கேக்காது, காய்ச்சல் வராது. உங்க வகுப்பு ஒண்ணுதான் கொஞ்சம் மூளை வேலை. அதையும் செய்யுமான்னு நீங்களே பரிச்சை வெச்சுப் பாருங்க. பெத்தவங்க கூட்டத்துல எல்லாரு முன்னாலயும் கேளுங்க. அது பாஸாயிட்டா சனிக்கிழமையும் அதுக்கே குடுத்தறலாம்" என்றார்.

ஆக, என் வகுப்பு நிற்குமா போகுமா என்பதற்கு நானே கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். இந்த அளவுக்குச் சிக்கனம் போர்வெல்காரருக்குத்தான் வரும்.

வீட்டில் போனிலேயே அதைப் பழகிப் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிற புதிர் எதைக் கேட்டாலும் பிசகாமல் சொன்னது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் "மிக அருமையான கேள்வி" என்று ஒரு வழிசல். பெண் பார்க்க வந்த தரகர் காபி டம்ளரைக்கூடப் புகழ்வாரே, அந்த மாதிரி. மணி என்ன என்று கேட்டேன். அதுவும் அருமையான கேள்விதானாம்.

பிறகு எங்கள் பக்கத்து விஷயம் ஒன்றைக் கேட்டேன். ஒரு பெண் தன் அப்பாவின் ஒரே தங்கையுடைய மகனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அத்தையும் மாமியாரும் பந்திக்கு வந்தால் எத்தனை இலை போட வேண்டும்? எங்கள் ஊரில் பால் பல் விழாத குழந்தைகூட ஒரு இலை என்று சொல்லும். பாதி வீடுகளில் அத்தைதான் மாமியார். இது இரண்டு இலை போட்டது. கூடவே நெருங்கிய உறவில் திருமணம் செய்வது பற்றி மருத்துவரிடம் ஆலோசனை பெறுமாறு எனக்கு அறிவுரையும் சொன்னது. நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான். ஒரு மாமியாரையே சமாளிக்க முடியாமல் இருந்தவளுக்கு இரண்டாக்கிக் கொடுத்த புண்ணியவான் இது ஒன்றுதான்.

அப்போதே எனக்கு அதன் வண்டவாளம் புரிந்துவிட்டது. இது யோசிக்கவில்லை. கேள்வியில் தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறது. தட்டுப்பட்டால் மனப்பாடம் செய்ததைக் கொட்டுகிறது. எங்கள் மையத்தில் சேராமலே எங்கள் மையத்தின் முதல் மாணவனாக இருந்தது. இதைக் கவிழ்ப்பது சுலபம் என்று நினைத்தேன். கூட்டத்துக்குப் போகும்போது நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டேன்.

கூட்டத்தன்று மாடி நிறைய ஆட்கள். பிள்ளைகள் முன்னால், பெற்றவர்கள் பின்னால். முதலில் பழைய புதிர்கள் இரண்டைக் கேட்டேன். டி.வி. மளமளவென்று சொன்னது. கைதட்டினார்கள். தாளாளர் தானே பெற்று வளர்த்தது மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளும் எழுதட்டும் என்று சொல்லிவிட்டு நிதானமாக வாசித்தேன். ஜேடர்பாளையத்தில் ஒருவர் ஒரு ஆட்டையும் ஒரு புல்லுக்கட்டையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பரிசலில் அவர், ஆடு, புல்லுக்கட்டு மூன்றுக்கும் சேர்த்தே இடம் இருக்கிறது. குறைந்தது எத்தனை தடவை பரிசல் போக வேண்டும்? அவ்வளவுதான் கேள்வி.

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்த்தேன். தலை நிமிராமல் எல்லாரும் ஏழு, ஏழு, ஏழு. முன் பெஞ்சுப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு 'ஒன்று' என்று எழுதினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வகுப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று தோன்றியது.

பிறகு டி.வி.யிடம் கேட்டேன். "மிக அருமையான கேள்வி. முதலில் ஆட்டை அக்கரையில் விட வேண்டும். பின்பு தனியாகத் திரும்பி வந்து புலியை ஏற்ற வேண்டும்" என்று ஆரம்பித்தது. ஜேடர்பாளையத்தில் புலி. அணைக்கட்டில் குளித்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டு வருகிற சனம் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவராவது தலையைத் தூக்க வேண்டுமே. தூக்கவில்லை. டி.வி. புலியைக் கொண்டுபோய் விட்டு, ஆட்டைத் திருப்பிக் கூட்டிவந்து, புல்லை ஏற்றி, கடைசியில் "ஆக, ஏழு தடவை" என்று முடித்தது.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர்கள் விடையும் அதுதானே. அந்த இரைச்சலில் முன் பெஞ்சுப் பெண் ஸ்கேலை எடுத்தாள். தான் எழுதியதன் மேல் கோணாமல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ஏழு என்று எழுதினாள். அடித்தல் இருந்தாலும் அழகாக இருக்க வேண்டும் என்பது எங்கள் மையத்தின் விதி. அந்த விதியைச் செய்தவன் கையை முறிக்கலாம் போல இருந்தது.

"கேள்வியில் புலியே இல்லை" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். டி.வி.யிடமும் சொன்னேன். "நீங்கள் சொல்வது மிகச் சரி. தவறுக்கு மன்னிக்கவும். ஒரே தடவை போதும்" என்றது. சொன்ன உடனே காலில் விழுந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

தாளாளர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "இல்லீங்க, ஏழுதானே சரி?" என்று டி.வி.யைக் கேட்டார். "நீங்கள் சொல்வது மிகச் சரி. சரியான விடை ஏழு" என்றது.

"பாத்தீங்களா, எத்தன பணிவுன்னு. டீச்சர் சொன்னாலும் ஒத்துக்குது, நாஞ் சொன்னாலும் ஒத்துக்குது. நம்ம டீச்சர் ஒரு நாளாச்சும் என்ற பேச்ச ஒத்துக்கிட்டிருக்காங்களா?" என்றார் தாளாளர். கூட்டம் சிரித்தது. நானும் பேருக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "அத்தன பிள்ளைகளும் ஏழுன்னு எழுதிருக்குது, மிசினும் ஏழுங்குது. அப்ப கேள்விதானுங்க தப்பு. கிரேஸ் மார்க் குடுத்துருங்க" என்றார். எங்கள் பக்கம் இது ஒரு வியாதி. பிள்ளைக்கு மார்க் குறைந்தால் கேள்வியின் மேல்தான் வழக்கு. நாலு பேர் ஆமாங்க என்றார்கள். தாளாளர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். கேள்வி பிழை, எழுதிய எல்லாருக்கும் முழு மார்க், டி.வி.க்கும் கிரேஸ் மார்க் உண்டு. கிரேஸ் மார்க் வாங்கிப் பாஸான யந்திரத்தை உலகத்தில் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். என்னுடைய சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் போனது. டி.வி. பாடம் நடத்தும்போது பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், நீங்கள் இருந்துகொள்ளுங்கள் என்றார். முடியாது என்றேன்.

எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். அவள் அப்பாவும் கூட வந்தார்.

"சரியாத்தானே எழுதுன சாமி, ஏன் அடிச்ச?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஏழுன்னாங்க மிஸ். டி.வி.லயும் வந்துருச்சுங்க."

அவள் அப்பாவைக் கேட்டேன். "நீங்க ஆடு வளக்கறவங்க. நீங்களா இருந்தா எத்தன வாட்டிங்க பரிசல் விடுவீங்க?"

"ஒரே வாட்டிதானுங்க. ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒண்ணா ஏத்தி, கயித்தக் கையில புடிச்சுக்கிட்டாப் போச்சு. ஏழு வாட்டி எவனுங்க விடுவான்?" என்றார். சொல்லிவிட்டு மகளின் தலையைத் தடவினார். "ஆனா பரிச்சைல அப்படி வராதுங்களே டீச்சர். நல்லவேளை, நேரத்துல மாத்தி எழுதீட்டா. கெட்டிக்காரிங்க."

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாளாளர் மேல் வந்த கோபம், டி.வி. மேல் வந்த இளக்காரம் எதையும் அவர் மேல் காட்ட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் டீ டம்ளரோடு வந்து நின்றார். அந்தப் பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"மிஸ், நான் அடிச்சது சரிதானுங்களே?"

"இல்ல சாமி, நீ மொதல்ல எழுதுனதுதான் சரி" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தாளாளரைப் பார்த்தார். தாளாளர் டி.வி.யைப் பார்த்தார்.