ஸ்காட்லாந்து ராணியும் ஏரி மதகும்

பிள்ளைகளே, அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு விவசாயி, அவர் மனைவி, முகமெல்லாம் மஞ்சள் பூசிய எட்டு வயது மகள். ஏரி மதகுச் சண்டை தீர, பக்கத்து ஊர்ப் பையனுக்கு இவளைக் கட்டிக்கொடுக்கிறாராம். பெருமையாகச் சொல்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்வது இங்கே குற்றம். அதனால் பிரெஞ்சுக்காரர் ஆளும் புதுச்சேரிக்குப் போய்த் தாலி கட்டப்போகிறார்கள். சட்டத்துக்கு எவ்வளவு மரியாதை, பாருங்கள்!

உங்களுக்காக வாங்கிய சரித்திரப் புத்தகம் என் மடியில் இருக்கிறது. அதிலிருந்து அவருக்கு ஒரு கதை சொல்கிறேன்.

"ஸ்காட்லாந்துலயும் இப்படித்தாங்க. சண்டை நிக்கணும்னு ஏழு வயசு இங்கிலீஷ் ராஜகுமாரிய, அந்த ஊர் நாலு வயசு இளவரசனுக்குக் கட்டிவெச்சாங்க. ராணியும் ஆனா. அப்புறம் இங்கிலீஷ் ராஜாவான அவ சொந்த அண்ணனே அவ புருஷனப் பதினோரு வருஷம் சிறையில வெச்சான்."

"சண்ட நின்னுச்சா சாமி?"

"நாலு வருஷம் நின்னுச்சு."

அவர் முகம் மலர்கிறது. "நாலு வர்சமா! நாலு போகம் அறுத்துக்குவேனே!"

மனைவி எழுந்து மகளின் கையைப் பிடிக்கிறாள்.

"அப்ப நீயே மஞ்சா பூசிகினு போய்க் கழுத்த நீட்டுய்யா. எம் பொண்ணு என்னோட ஊட்டுக்கு வருது."

ரயில் வருகிறது. மூன்று டிக்கெட்டோடு அவர் மட்டும் நிற்கிறார். தாயும் மகளும் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு ஊர்ச் சமாதானத்தையும் கெடுத்துவிட்டு, நான் நிம்மதியாக ரயிலேறுகிறேன்.