மானுக்குப் போதுமான தோட்டா

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன், அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

மூத்தவன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகலாமாம். கூட வேலை செய்கிறவர்களோடு இந்தச் சனிக்கிழமை போகப்போவதாக நேற்று ஃபோனில் சொன்னான். என்ன தோட்டா என்று கேட்டேன்.

"முயலுக்குன்னு வாங்குன சின்னத் துப்பாக்கிதானுங்கம்மா. தலையில ஒண்ணு போட்டா விழுந்துரும்."

"கண்ணு, நீ கல்லெறிஞ்சு ஒரு மாங்கா விழுந்து நான் பாத்ததில்ல. மானுத் தலை மாங்காயாட்டம் ஆடாம தொங்கீட்டா இருக்கும்?"

சிரித்தான். "அதெல்லாம் அந்தக் காலமுங்கம்மா. இப்பத்த தோட்டா வேற" என்றான். தோட்டா வேறாக இருக்கலாம். மானின் தோல் அதேதானே. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தியூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். நான் கல்யாணமாகி வந்தபோது வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். பிறகு சட்டம் வந்து நிறுத்திவிட்டார்கள், நல்லதுதான். என் வீட்டுக்காரரிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி இருந்தது. பித்தளைத் தோட்டாவை வீட்டிலேயே அடைப்போம். அடியில் வெடிமருந்து, அதன்மேல் அட்டை, அதன்மேல் ஈயக் குண்டு, வாயை மூட மெழுகு. கௌதாரிக்குக் கம்புத் தானியம் மாதிரி சின்னக் குண்டு. மானுக்குக் கொண்டைக்கடலை மாதிரி பெரிய குண்டு.

ஒருமுறை யாரோ சின்னக் குண்டில் சுட்ட மான் ஒன்று எங்கள் வாய்க்கால் ஓரம் வந்து படுத்துவிட்டது. எழவும் முடியவில்லை, சாகவும் இல்லை. மாமியார் அதன் வாயில் தண்ணீர் விட்டார். மறுநாள்தான் உயிர் போனது. தோலை உரித்தபோது பார்த்தேன். குண்டெல்லாம் தோலுக்கு அடியிலேயே நின்றிருந்தது, ஒன்றுகூட மூச்சுப்பை வரை போகவில்லை. அன்றைக்கே தோட்டா அடைக்கும் வேலையையும் தோட்டாப் பெட்டியின் சாவியையும் நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருசம் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். மான் கறி விருந்து என்று கொழுந்தனார் முன்கூட்டியே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெரிய குண்டு தீர்ந்திருந்தது. முதல்நாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அண்ணி, சின்னக் குண்டுலயே ரண்டு குடுங்க. மருந்தக் கொஞ்சம் சேத்திப் போட்டாப் போச்சு."

"மருந்து சேத்துனா குண்டு பெருசாயிருங்களா? செதறித்தான் போகும். குழலு வெடிச்சா உங்க கண்ணுந்தான் போகும்."

வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டார். "சாவி அவ இடுப்புல இருக்குது, என்னையக் கேக்காத" என்று அவர் சாப்பாட்டில் குனிந்துகொண்டார்.

விடிந்ததும் விருந்தாளிகள் வண்டியை விட்டு இறங்குகிறார்கள், எங்கள் கடலைக்காட்டில் புள்ளிமான் ஒன்று நின்று மேய்கிறது. கொழுந்தனார் என் சாவியையே பார்த்தார். நான் மானைப் பார்த்தேன். அது நிதானமாக மேய்ந்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனது.

"மான் கறின்னீங்க. அது நடந்தல்லங்க போகுது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு சேவலை அடித்துக் குழம்பு வைத்தேன். அன்றைக்கே வெற்றிலைபாக்கு மாற்றினார்கள்.

மூத்தவனுக்கு நான் சொல்வது இதுதான். மானுக்கு எவ்வளவு பலமுள்ள தோட்டா வேண்டும் என்று அந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கும். அதற்கு ஒரு படி கூடுதலாக எடு, குறைத்து எடுக்காதே. முதலில் குறி வரைந்த அட்டையைச் சுட்டுப் பழகு. மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும், முன்னங்காலுக்குப் பின்னால் சுடு. அப்படி அமையவில்லையென்றால் வீட்டில் கோழிக் குழம்பு வை. ஒரு கல்யாணமே அதில்தான் முடிவானது.

எழுதி முடித்துவிட்டு, பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த சின்னவன் மகளைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பனுக்கு ஃபோனப் போடு அம்மணி. அவன் கேக்கோணும், மொதல்ல இருந்து வாசி. மாங்கா வர்ற எடத்த உட்டுப்போடாத."