பார்க்க வந்தவர்கள் போகும்வரை

கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தமிழ்ப் பாடசாலை. கல்வியியல் கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மூன்றாம் தரம், எட்டு வயதுப் பிள்ளைகள். வகுப்பாசிரியை ஒரு முஸ்லிம் டீச்சர். வந்த நாளிலிருந்து என்னை 'மகள்' என்றுதான் கூப்பிடுவார், தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தருவார்.

என் பாடத்தைப் பார்த்துப் புள்ளி போட, கல்லூரி விரிவுரையாளர் முதன்முதலாக வந்த நாள் அது. கொள்ளளவுப் பாடம். போத்தல்கள், யோகட் கோப்பைகள், ஒரு சிரட்டை, வாளியில் தண்ணீர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனால், ஐந்து கதிரைகள் காலி. காலைக் கூட்டத்தில் அந்த ஐந்து பேரையும் பார்த்திருந்தேன். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள்.

"டீச்சர், இவங்க எங்க?"

"அவங்கள விடுங்க மகள். கிச்சன் பக்கம் அனுப்பியிருக்கேன். சார் போனதும் வருவாங்க. உங்கட மார்க்ஸ் குறையக் கூடாதே."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

விரிவுரையாளர் அதிபரின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பகலுணவு சமைக்கிற இடத்துக்கு ஓடினேன். ஐந்து பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க போயிட்டாங்களா டீச்சர்?"

"யாரு?"

"பார்க்க வந்தவங்க. யாராவது பார்க்க வந்தா நாங்க இங்கதான் இருப்போம்."

மணியடித்தால் விளையாடப் போவோம் என்பதுபோலச் சொன்னாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எழும்புங்க, வகுப்புக்குப் போவோம்."

"டீச்சர் ஏசுவாங்க."

"நான் சொல்லிக்கிறேன்."

நாங்கள் உள்ளே வந்தபோது விரிவுரையாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வகுப்பாசிரியை என்னைப் பார்க்கவில்லை.

பாடம் நான் எழுதிவைத்தபடி போகவில்லை. உயரமான போத்தலில்தான் கூடத் தண்ணீர் பிடிக்கும் என்று இரட்டைப் பின்னல்காரி அடம்பிடித்தாள். சிரட்டையால் அவளையே அளக்க விட்டேன். பாதித் தண்ணீர் தரையில் ஓடி விரிவுரையாளரின் சப்பாத்தை நனைத்தது. கடைசியில், "குட்டை போத்தல்லதான் கூட டீச்சர்," என்றாள், ஏதோ தானே வென்றுவிட்டதுபோல.

நேர முகாமைத்துவம் போதாது, பாடம் நேரத்துக்கு முடியவில்லை என்று விரிவுரையாளர் எழுதிக் கொடுத்தார். ஐந்து பிள்ளைகள் ஏன் என்னோடு பிந்தி வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது புதிதில்லை என்று தோன்றியபோது எனக்கு இன்னொரு தடவை தூக்கிவாரிப்போட்டது.

பாடசாலை விட்ட பிறகு வகுப்பாசிரியை மெதுவாகப் பேசினார்.

"நீங்க பயிற்சி முடிஞ்சு போயிருவீங்க மகள். இவங்க வாசிக்காட்டி, வாற ஆக்கள்கிட்ட ஏச்சு வாங்குறது நான்தான். ஒரு தடவை பிள்ளைகள் முன்னாலேயே ஏசிட்டாங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு கொஞ்ச நாள் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

விரிவுரையாளர் அடுத்த முறை வந்தபோது, அவர் குரல் கேட்டதுமே இரட்டைப் பின்னல்காரி தானாக எழும்பி வாசல் பக்கம் நடந்தாள். மற்ற நால்வரும் எழும்பினார்கள். நான் வாய் திறக்குமுன் வகுப்பாசிரியை, "எங்க போறீங்க? இருங்க," என்றார். அவர்கள் நம்பாமல் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பயிற்சி முடிந்து வந்துவிட்டேன். இப்போது அங்கே யாராவது பார்க்க வந்தால் அந்த ஐந்து பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.