வேளை கெட்ட வேளையில் ஒரு லாங் பெல்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் லாங் பெல் அடித்தார்கள். சாயங்காலம் அடிக்க வேண்டிய மணி!

சங்கரன்கோவிலில் அந்த நேரத்தில் விடாமல் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான் – யாரோ பெரிய தலைவர் காலமாகிவிட்டார், பள்ளிக்கூடம் லீவு. நான் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடையின் முதலாளி, அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, யாரு போயிட்டாவ?"

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. தெரியாது என்றேன். யாராக இருந்தால் என்ன என்று அவர் கடைப் பலகைகளை எடுத்து அடைக்க ஆரம்பித்துவிட்டார். அவரைப் பார்த்து எதிர்க்கடைக்காரரும் அடைத்தார்.

அதற்குள் பிள்ளைகள் தெரு நிறைய ஓடி வந்தார்கள். முகத்தில் என்ன ஆனந்தம்! துக்கத்துக்கு லீவு விட்டால் பிள்ளைகள் சந்தோஷப்படுவதை எந்தச் சர்க்கார் தடுக்க முடியும்?

அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பக்கம் புகை தெரிந்தது.

விஷயம் இதுதான். வெளியூரிலிருந்து வந்த புது ஹெட்மாஸ்டர், ஆபத்து என்றால் விடாமல் மணி அடிக்க வேண்டும் என்று பியூனுக்கு உத்தரவு போட்டிருந்தார். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மணிக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு அர்த்தம் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு அடுப்புப் பொறி பறந்து வந்து, வகுப்பு நடக்கும் ஓலை ஷெட்டின் கூரையில் விழுந்திருக்கிறது. பியூன் மணி அடித்தார், பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள்.

என் மகள் கோமதியை மட்டும் அந்தக் கூட்டத்தில் காணோம்.

அவள் படிப்பது முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு. அந்த வகுப்பு நடப்பதே ஓலை ஷெட்டில்தான். அந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கணக்குப் பாடம். கணக்கு வாத்தியாரை உங்களுக்குத் தெரியாது... லாங் பெல் அடித்தாலும் போட்ட கணக்கை முடிக்காமல் அவர் பிள்ளைகளை விடமாட்டார். அவரிடம் கேட்காமல் பெஞ்சைவிட்டு எழுந்தால் பிரம்படி நிச்சயம். 'இப்படி ஒரு கண்டிப்பான வாத்தியார் கிடைத்தாரே' என்று பெருமைப்பட்ட தகப்பன்மாரில் நானும் ஒருவன்.

செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாது, ஓடினேன். உயிர் என்னிடம் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் நான் கண்ட காட்சி: முன்னால் கோமதி ஓடி வருகிறாள். அவள் பின்னால் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும். எல்லோருக்கும் கடைசியில் பிரம்பை ஓங்கிக்கொண்டு கணக்கு வாத்தியார். தன் உத்தரவு இல்லாமல் எழுந்து ஓடிய பெண்ணை அடிக்கத்தான் அவர் வெளியிலேயே வந்திருக்கிறார்! அவர் முதுகுக்குப் பின்னால் கூரை திகுதிகுவென்று எரிகிறது.

கோமதியை இழுத்து அணைத்துக்கொண்டேன். நான் கைகாட்டிய பக்கம் வாத்தியார் திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கை தானாக இறங்கியது.

"ஏட்டி, புகை வருதுன்னு ஏன் சொல்லல?"

"கையத் தூக்கினேன் சார். நீங்க போர்டப் பாத்துக்கிட்டே உக்காருன்னிய."

அவர் பிரம்பைக் கீழே போட்டுவிட்டு என் மகளுடைய தலையில் கை வைத்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது.

கூரைத் தீயைக் கடைத்தெரு ஜனங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைத்து அணைத்தார்கள். மறுநாள் ஹெட்மாஸ்டர் ஊர்க்காரர்களையும் கூட்டி மீட்டிங் போட்டார். ஆபத்துக்கு என்ன சத்தம் கொடுப்பது? சங்கு ஊதலாம் என்றார் ஒருவர். அதுவும் சாவுக்குத்தானே என்றார் ஜவுளிக்கடைக்காரர். பறை? அதுவும் அப்படியே. கடைசியில் டிரில் மாஸ்டரின் விசில் என்று முடிவாயிற்று. விசிலுக்கு யாரும் கடை அடைக்க மாட்டார்கள். வாரம் ஒரு நாள் ஒத்திகை, ஷெட்டுக்கு ஓட்டுக்கூரை, எல்லாம் நடக்கிறது.

எனக்கு நம்பிக்கை தந்தது விசில் இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில் யார் கை தூக்கினாலும், கணக்கு வாத்தியார் சாக்பீஸை வைத்துவிட்டு உடனே திரும்பிப் பார்க்கிறாராம். பத்துக்கு ஒன்பது தடவை, "சார், தண்ணி குடிக்கப் போணும்" என்பதற்குத்தான்!

குடிக்கட்டுமே... மனுஷர் திரும்பிப் பார்க்கிறாரே!