மினிமம் டியூ கட்டிய இருபது மாதம்

2004 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. வானம் மூடியிருந்தது, ஒரே புழுக்கம். எனக்குக் கிரெடிட் கார்டு கொடுத்த ஏஜெண்ட், இரண்டாவது கார்டுக்கான விண்ணப்பத்தோடு சேவூரில் என் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. எதைப் படித்தாலும் வரிக்கு வரி நகத்தால் கோடு இழுப்பார்.

முதல் கார்டில் பன்னிரண்டாயிரத்துக்கு ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தேன். பில்லில் 'மினிமம் டியூ' என்று போட்டிருந்த குறைந்தபட்சத் தொகையை இருபது மாதமும் நாள் தவறாமல் கட்டினேன். கூட்டினால் 10,132 ரூபாய்.

"பாக்கி 1,868தானே தம்பி?" என்று கடைசி பில்லை அவரிடம் நீட்டினேன்.

அவர் நகம் கடைசி வரியில் நின்றது. "7,770 சார்."

பட்டு முதலாளியிடம் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் நான். "எப்படிப்பா? தறிக்காரங்களுக்குக் குடுத்த முன்பணத்த நாங்க சேலைக்குச் சேலை கூலியில கழிச்சிகினே வருவோம். வட்டியே கிடையாதே!"

"பேங்க்ல என்ன தறியா ஓட்டிகினு இருக்காங்க? மினிமம் கட்டினா அபராதம் வராது, அவ்ளோதான். மிச்சத்துக்கு மாசம் நூத்துக்கு மூணு வட்டி ஏறிகினே இருக்கும். ஜல்தியா மொத்தமும் கட்டிடுங்க சார்."

விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் கையெழுத்து போட்டா உனக்குக் கமிஷன் வருமே?"

"முந்நூறு வரும். வேணாம் சார்."

முதல் கார்டைக் கொடுத்தபோது சொல்லாததை அன்று ஏன் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. மதியமே அஞ்சலகச் சேமிப்பை எடுத்துக் கட்டி முடித்தேன். அந்த ஃப்ரிட்ஜுக்கு நான் கொடுத்தது மொத்தம் 17,902 ரூபாய்.