கையுறை விற்ற தங்கை

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பர்கள் வாழும் ஏழாம் வார்டில் ஒடீல் மெட்வாயே பரிமாறிய பீன்ஸும் சோறும் தின்னாமல் வளர்ந்த பிள்ளையே கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாற்பது வருடம் நின்றவள். எண்பத்து நாலு வயதில், சொந்த வீட்டுக் கூடத்தில் சினிமா விளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கறுப்பர்களின் வரலாற்றை ஆவணப்படமாக எடுக்கும் ரெனாட்டா, நிறத்தை மறைத்து வெள்ளையராகிப் போனவர்களைப் பற்றிக் கேட்டாள். ஒடீலின் தங்கை அப்படிப் போனவள்.

பிறக்கும்போதே வெளுப்பு. இருபது வயதில் வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு கனால் தெருவின் பெரிய கடையொன்றில் கையுறை விற்கச் சேர்ந்தாள். அதோடு வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்படிப் போனவர்களை வழியில் பார்த்தால், காட்டிக்கொடுக்காமல் யாரோ எவரோ என்று கடந்துவிடுவது ஏழாம் வார்டின் வழக்கம்.

ஒடீலால் கடக்க முடியவில்லை. மாதம் ஒருமுறை கையுறை வாங்கப் போவாள். அந்தக் காலத்தில் கறுப்புப் பெண்கள் அங்கே எதையும் போட்டுப் பார்க்கக் கூடாது. தங்கைக்குத்தான் அக்காவின் கை அளவு தெரியுமே! எத்தனை வயதானாலும் கறுப்புப் பெண்ணை வெறும் பேர் சொல்லி அழைப்பது கடைக்காரிகளின் திமிர். அந்தப் பாழாய்ப்போன திமிர்தான் இவர்களுக்கு உதவியது.

"என்ன வேணும், ஒடீல்?" என்பாள் தங்கை, எல்லார் காதிலும் விழும்படி.

"வெள்ளையில ஒரு ஜோடி குடுங்க மேடம்" என்பாள் அக்கா, தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவளிடம்.

ஒன்பது வருடம் இப்படி ஓடியது. பிறகு தங்கை கல்யாணமாகி டெக்சாஸ் போனாள். போன குளிர்காலத்தில் செத்தும் போனாள். பேப்பரில் வந்த செய்தியில், உடன்பிறந்தவர் யாருமில்லை என்று போட்டிருந்தது. பெற்ற பிள்ளைகளுக்கே எதுவும் தெரியாது.

"அவங்க பேரச் சொல்லுங்க, மிஸ் ஒடீல். பேர் இல்லேன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் ரெனாட்டா.

ஒடீலுக்கும் சொல்ல ஆசைதான். யாருமில்லை என்ற அந்த வரி அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் பேர் வெளியே வந்தால், பெற்ற பிள்ளைகளே அம்மாவைப் பொய்க்காரி என்பார்கள்.

"மேடம்" என்றாள் கேமராவைப் பார்த்து. "நான் அவள அப்படித்தான் கூப்பிட்டேன். அப்படியே போட்டுக்கம்மா."

கேமராவை நிறுத்தச் சொன்னாள். நிறுத்திய பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு நாளும் போடாத கையுறைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றை எடுத்து மெல்ல மாட்டினாள்.

"ஏ லூசி, கழுத" என்றாள், அறுபது வருடத்துக்குப் பிறகு. "அளவு சரியாத்தான்டி குடுத்திருக்க."