கோடு சரியான பிறகும்

என் மகள் லோஷினிக்கு முதலில் வந்தது வெறும் காய்ச்சல். அப்போது அவளுக்கு மூன்று வயது. மலேசியாவில், சுங்காய் என்ற எங்கள் ஊரில், வீட்டருகே இருந்த கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். குடித்தால் இறங்கும், பிறகு மறுபடி ஏறும். கண்கள் சிவந்தன, பீளை இல்லை. உதடு வெடித்தது. இன்னொரு கிளினிக்கில் அம்மை என்றார்கள். கை வீங்கி, பொம்மையைப் பிடிக்க முடியாமல் அழுதாள். அதைக் காட்டியபோது, "ரெண்டு நாள் பாருங்க" என்றார்கள். பார்த்தோம். அந்தக் காத்திருப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

காய்ச்சல் விடவேயில்லை. "இங்க இருந்தது போதும். ஈப்போவுக்கே போலாம்" என்று என் கணவர் வேனை எடுத்தார்.

ஈப்போவில் ஓர் இளம் பெண் மருத்துவர் அவள் நாக்கையும் உள்ளங்கையையும் பார்த்தார். அவர் முகம் மாறியது. கவாசாகி நோயாக (குழந்தைகளின் இரத்தக் குழாய்களில் திடீரென வரும் அழற்சி) இருக்கலாம் என்றார். உடனே இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் சோதனை) எடுத்தார்கள். மார்பில் ஒட்டியதையெல்லாம் லோஷினி பிய்த்தெறிந்தாள். கோடு தாறுமாறாக வந்தது. அவளை மடியில் அமுக்கிப் பிடித்தேன், மறுபடி எடுத்தார்கள்.

"அக்கா, இந்த மேடு தட்டையா இருக்கு பாருங்க. இந்த இடைவெளியும் கொஞ்சம் நீளம். இதயத் தசையிலயும் வீக்கம் இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்கா, இல்லையா டாக்டர்?"

"இத மட்டும் வச்சு சொல்ல முடியாதுக்கா. எக்கோ பாக்கணும்."

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுப்பது) மறுநாள்தான் என்றார்கள். அதற்காகக் காத்திராமல் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரிக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றத் தொடங்கியது மட்டுமே ஆறுதல். விடிந்தபோது நெற்றி குளிர்ந்திருந்தது. லோஷினி ரொட்டி சானாய் (எங்கள் ஊர்ப் பரோட்டா) கேட்டாள். எக்கோவிலோ, இதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் ஒன்று சற்றே விரிந்திருந்தது.

வீடு திரும்பியபின் விரல் நுனிகளில் தோல் உரிந்தது. அடுத்த பரிசோதனையில் இ.சி.ஜி. சரியாகிவிட்டது. கணவரின் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். "அதான் கோடு நல்லா இருக்கே, இன்னும் எதுக்கு மருந்து லா?"

அதையே நானும் மருத்துவரிடம் கேட்டேன். "கோடு மின்துடிப்பத்தான் காட்டும். குழாய் எவ்ளோ விரிஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாதுக்கா" என்றார். சிறு அளவு ஆஸ்பிரின் (இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து) தொடர்ந்தது. சளிக்காய்ச்சலோ சின்னம்மையோ வந்தால் உடனே சொல்லச் சொன்னார். அப்போது அந்த மருந்தே கெடுதலாகலாமாம். பாலர் பள்ளியில் யாராவது இருமினால் அவளை அழைத்து வந்துவிடுவேன். ஆசிரியைக்கு என்மேல் கோபம். யாரிடம் எத்தனை முறை விளக்குவது?

உங்கள் குழந்தைக்கும் காய்ச்சல் விடாமல், கண் சிவந்து, உதடு வெடித்தால் ஒரு மருத்துவரின் பதிலோடு மட்டும் திரும்பி வராதீர்கள். அதட்டினாலும் மறுபடி கேளுங்கள்.

எங்களுக்கு இப்போது மாதம், வருடம் எல்லாம் ஒரு எக்கோவிலிருந்து அடுத்த எக்கோ வரைதான். குழாய் சுருங்கி வருகிறது. இன்னும் முழுதாகப் பழைய அளவுக்கு வரவில்லை. ஓடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். செம்பனை (பாமாயில்) மரங்களை ஒட்டிய திடலில் அவள் ஓடுகிறாள். நான் "மெதுவா!" என்று கத்துகிறேன்.

நேற்று மூச்சிரைக்க வந்து நின்றாள். "அம்மா, எனக்கு இன்னும் நோவா?"

அவள் மார்பில் கை வைத்தேன். ஓடிய குழந்தையின் இதயம் அப்படித்தான் அடிக்கும். தெரியும். ஆனாலும் அது அடங்கும்வரை கையை எடுக்க மனம் வரவில்லை.

அவளுக்குப் பொறுமை இல்லை. என் கையைத் தள்ளிவிட்டு மறுபடி ஓடினாள்.